சந்தையில் வாங்கிய கோழி மட்டும் சாகிறது, உடம்பில் உண்ணியே இல்லை

கரிசல்காடு:

எல்லோருக்கும் வணக்கம். அருப்புக்கோட்டைப் பக்கம் மானாவாரிக் காட்டில் வீட்டை ஒட்டி நாட்டுக்கோழி வளர்க்கிறோம். சிறுவிடை, பெருவிடை கலந்து நாற்பது உருப்படி இருக்கும். கொட்டாய் அப்பா காலத்தில் கட்டியது. மண்சுவர், பனை ஓலைக் கூரை, கோழி ஏறி அடைவதற்குக் குறுக்கே வேலிக்கருவேலங் கம்புகள்.

பங்குனி பிறந்ததிலிருந்து ஒரே தொல்லை. சந்தையில் வாங்கி வந்து விடுகிற கோழிகள் ஒரு வாரம், பத்து நாள் நன்றாக மேய்கின்றன. அப்புறம் ஒரு நாள் காலையில் ஓரமாக நின்று தூங்கி வழிகின்றன. தொட்டால் உடம்பு கொதிக்கிறது. கொண்டை கறுத்துவிடுகிறது, எச்சம் பச்சைப்பசேல் என்று தண்ணீராகப் போகிறது, கடைசியில் கால் இழுக்கிறது. இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடுகிறது. கோழிக்கழிச்சல் தடுப்பூசி எல்லாவற்றுக்கும் போட்டாயிற்று, புதிதாக வந்ததற்கும் சேர்த்துத்தான்.

எனக்குப் பிடிபடாத விஷயம், எங்கள் வீட்டிலேயே பொரித்து வளர்ந்த கோழிகள் ஒன்றுகூடச் சாகவில்லை. மருந்துக் கடையில் கேட்டால் கழிச்சல்தான் என்று சொல்லி ஒரு பொடியைக் கொடுக்கிறார்கள். இறகைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். பேன் கொஞ்சம் இருக்கிறது, உண்ணி ஒன்றுகூட இல்லை. யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

பஞ்சாரம்:

தம்பி, கழிச்சல் நோய் வாங்கின கோழி, வீட்டுக்கோழி என்று பார்க்காது. தடுப்பூசி தவறிய கூட்டத்தில் நுழைந்தால் குஞ்சிலிருந்து எல்லாம் போகும். வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், கழுத்து திருகிக்கொள்ளும். நீங்கள் எழுதியதில் அது எதுவும் இல்லை.

பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்துப் பயனில்லை. கோழி அடைந்து நன்றாக இருட்டிய பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள். கோழியை விடுங்கள், கம்பைப் பாருங்கள். கம்பு சுவரில் செருகிய இடம், கயிற்றுக் கட்டு, பட்டை உரிந்த மடிப்பு, ஓலை அடுக்கு, சுவர் வெடிப்பு. கத்தி முனையால் வெடிப்பைக் கிளறிப் பாருங்கள். எங்கள் பக்கம் ஒரு பழைய கொட்டாயில் இதே கதைதான் நடந்தது.

வேப்பங்காடு:

இதற்கெல்லாம் டாக்டர் வரை போக வேண்டியதில்லை. வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து இறக்கைக்கு அடியிலும் வால் பக்கமும் தடவுங்கள். எங்கள் அம்மாச்சி காலத்திலிருந்து செய்கிறோம். செள்ளு, பேன், உண்ணி எல்லாம் கொட்டிவிடும்.

கால்நடை மருத்துவன்:

பஞ்சாரம் அண்ணன் காட்டிய திசை சரி என்று நினைக்கிறேன். வேப்பங்காடு சொல்வது பேனுக்கும் செள்ளுக்கும் உதவும். பேன் கோழியின் உடம்பிலேயே குடியிருக்கிறது, அதனால் உடம்பில் தடவினால் போதும். கோழி உண்ணி அப்படி இல்லை. வளர்ந்த உண்ணி ராத்திரியில் வந்து அரை மணி, முக்கால் மணி நேரம் ரத்தம் குடித்துவிட்டுத் திரும்ப வெடிப்புக்குள் போய்விடும். நீங்கள் பகலில் தடவும் எண்ணெய் அதன் மேல் படுவதே இல்லை.

கரிசல்காடு, உங்கள் வர்ணனையைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது கோழி ஸ்பைரோகீட்டோசிஸ். பொரேலியா ஆன்செரினா என்ற திருகு வடிவ பாக்டீரியா உண்டாக்குவது. 1891-இல் சகாரோவ் என்பவர் காகசஸ் பகுதியில் வாத்து இனப் பறவைகளின் ரத்தத்தில் முதலில் கண்டார். 1903-இல் பிரேசிலில் மார்ஷூவும் சலிம்பேனியும் இது உண்ணி மூலம் கோழிக்குப் பரவுகிறது என்று காட்டினார்கள். உண்ணியின் பெயர் ஆர்கஸ் பெர்சிகஸ். நம் நாட்டில் வறண்ட பகுதிகளில், அதுவும் கொல்லைப்புறக் கோழிகளிடம் நிறைய உண்டு.

வாங்கின கோழி மட்டும் ஏன் சாகிறது என்றால், இந்த நோயில் பிழைத்த கோழிக்கு நல்ல எதிர்ப்பு வந்துவிடும். உங்கள் வீட்டில் பொரித்தவை சின்ன வயதிலேயே கடி வாங்கி, சில செத்திருக்கும், மிச்சம் தேறியிருக்கும். குஞ்சு சாவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெளியிலிருந்து வருகிற கோழிக்கு அந்த எதிர்ப்பு கிடையாது. கடித்து மூன்று நாளிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் காய்ச்சல் வரும். நீங்கள் சொன்ன 'ஒரு வாரம், பத்து நாள்' இதோடு பொருந்துகிறது.

இதெல்லாம் எழுத்தைப் படித்து நான் செய்யும் ஊகம். ரத்தம் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. அடுத்த கோழி படுத்தால் அதை உயிரோடு, காய்ச்சல் இருக்கும்போதே கொண்டு போங்கள். செத்த பிறகும், நோய் முற்றிய பிறகும் ரத்தத்தில் கிருமி தென்படாமல் போய்விடலாம். மாவட்டத் தலைநகரில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கும், ரத்தப் பூச்சு எடுத்துச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். இன்னொன்று: ஒரே நாளில் கொத்தாகச் செத்தால் நீங்களாக அறுத்துப் பார்க்காதீர்கள். பறவைக் காய்ச்சலையும் நினைக்க வேண்டும், உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

கரிசல்காடு:

பஞ்சாரம் அண்ணா, நீங்கள் சொன்னபடியே நேற்று ராத்திரி பார்த்தேன். என் மனைவி டார்ச்சைப் பிடித்தாள், நான் கம்பைத் திருப்பினேன். கம்பின் அடிப்பக்கம், கயிறு சுற்றிய இடத்தில், தட்டையாக ஏழெட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் கயிற்றுக்குள் நுழைந்துவிட்டன. தர்பூசணி விதை அளவும் வடிவமும்தான். செம்பழுப்பு நிறம். ஒரு கோழியின் காலில், செதில் முடிந்து இறகு தொடங்கும் இடத்தில் இரண்டு இருந்தன, அவை மட்டும் உப்பி நீலச் சாம்பல் நிறத்தில் இருந்தன.

இன்று காலையில் சுவர் வெடிப்பில் ஈர்க்குச்சியை விட்டு இழுத்தேன். ஒரு சாண் நீள வெடிப்பிலிருந்து உள்ளங்கை நிறைய வந்தது. கூடவே உரித்த தோல், பொடிப் பொடியாக முட்டை. கொஞ்சத்தைச் சாராயப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். மாட்டிலும் நாயிலும் பார்க்கும் உண்ணி மாதிரியே இல்லை. தலை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

எட்டுக்கால்:

தலை தெரியவில்லை என்று சொன்னதும் சந்தேகம் போய்விட்டது. அது மென் உண்ணி.

நான் விலங்கியல் ஆள். உண்ணிகளைத்தான் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மாட்டில், நாயில் நாம் பார்ப்பது வன் உண்ணி. முதுகில் கெட்டியான ஓடு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாய். ஒரு தடவை கடித்தால் நாள்கணக்கில் தொங்கும், உப்பி விழும், ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். மென் உண்ணிக்கு முதுகு ஓடு கிடையாது, சுருக்கம் விழுந்த தோல்தான். வாய் வயிற்றுப் பக்கம் இருப்பதால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. வளர்ந்தது ஒரே வாழ்நாளில் பல தடவை குடிக்கும், ஒவ்வொரு குடிக்குப் பிறகும் ஒரு சிறு தொகுதியாக முட்டையிடும். வேகமாகக் குடித்து வேகமாகப் போய்விடுவதுதான் அதன் பிழைப்பு.

ஒரு விதிவிலக்கு உண்டு, அது உங்களுக்கு முக்கியம். முட்டையிலிருந்து வரும் ஆறுகால் இளம்பருவம் மட்டும் கோழியின் மேல் ஐந்து முதல் பத்து நாள் வரை ஒட்டிக்கொண்டே இருக்கும். இறக்கைக்கு அடியில், தொடை இடுக்கில் பார்த்தால் கருநீலப் புள்ளிகளாகத் தெரியும். அதாவது நீங்கள் சந்தையில் வாங்கும் கோழி வழியாகத்தான் இது ஒரு கொட்டாயிலிருந்து இன்னொரு கொட்டாய்க்குப் போகிறது. இந்த இளம்பருவம் நிறைய ஒட்டினால் கிருமியே இல்லாமலும் கோழிக்குக் கால், இறக்கை செயலிழக்கும். உண்ணியின் எச்சிலில் இருக்கும் நஞ்சுதான் அதற்குக் காரணம். அதனால் கால் இழுப்பதை மட்டும் வைத்து எந்த நோய் என்று சொல்லிவிட முடியாது.

கரிசல்காடு:

அப்படியென்றால் கொட்டாயைக் கொஞ்ச நாள் காலியாகப் போட்டுவிடலாமா? கோழி இல்லாவிட்டால் பட்டினியில் செத்துவிடாதா? வேப்ப மரத்தடியில் தற்காலிகமாக ஒரு பட்டி போட்டு எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிடலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எட்டுக்கால்:

தயவுசெய்து அந்த நம்பிக்கையில் இருக்காதீர்கள். கோழி உண்ணி ரத்தமே இல்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கும்.

இதே ஆர்கஸ் இனத்தில் இன்னொரு வகை, ஆர்கஸ் பிரம்ப்டி, கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. 1976-இல் கென்யாவிலிருந்து பிடித்து வந்த பத்துப் பதினைந்து உண்ணிகளை அமெரிக்காவில் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஷெப்பர்ட் என்ற ஆய்வாளர் வளர்த்தார். அந்தக் கூட்டத்தில் சில பெண் உண்ணிகள் 27 வருடம் உயிரோடு இருந்தன. 8 வருடம் உணவே கொடுக்காமல் இருந்தும் பிழைத்தன. கடைசி ஆண் உண்ணி செத்து நான்கு வருடம் கழித்து, பெண் தன் உடலில் சேர்த்து வைத்திருந்த விந்தைக் கொண்டு குஞ்சு பொரித்தது. 2022-இல் அவர் இதை எழுதியபோதுதான் நான் படித்தேன். படித்துவிட்டு என் ஆய்வகத்தில் காலியாக இருந்த பெட்டிகளையெல்லாம் திரும்பத் திறந்து பார்த்தேன்.

பட்டினி போட்டு இவற்றை ஜெயிக்க முடியாது. கொட்டாயைத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். அதோடு, நோய்க் கிருமி இந்த உண்ணியில் தாயிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகும். அதனால் நோய்க்கோழி ஒன்றுகூட இல்லாமல் போனாலும் கிருமி கொட்டாயின் சுவருக்குள் காத்திருக்கும்.

பன்றிப்பண்ணை:

குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். நான் வெண்பன்றி வளர்க்கிறேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் உண்ணியால்தான் வருகிறது என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்ததிலிருந்து பயமாகவே இருக்கிறது. இதே கோழி உண்ணிதானா அது? என் பண்ணைக்குப் பக்கத்திலேயே கோழிக் கொட்டாய் இருக்கிறது.

எட்டுக்கால்:

கோழி உண்ணி இல்லை. அது ஆர்னிதோடோரஸ் என்ற வேறு பேரினம், ஆனால் இதுவும் மென் உண்ணிதான். இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றி மண்ணில் வளைக்குள் குட்டி போடும். அந்த வளையின் சுவரில் ஆர்னிதோடோரஸ் மௌபாட்டா வகை உண்ணிகள் குடியிருக்கின்றன. குட்டி பிறந்த முதல் சில வாரத்திலேயே கடி வாங்கும், வைரஸ் ரத்தத்தில் ஏறும். குட்டிக்கு ஒன்றும் ஆகாது. அந்தச் சில நாளில் அதைக் கடிக்கும் வேறு உண்ணிகளுக்கு வைரஸ் போகும். பிறகு வளர்ந்த பன்றியின் ரத்தத்தில் வைரஸ் அவ்வளவாக இருக்காது. ஆண் உண்ணியிலிருந்து பெண்ணுக்குக் கலவியின்போது போகும், முட்டை வழியாகவும் போகும். இப்படி யாருக்கும் தெரியாமல் காலம் காலமாக அந்த வளைக்குள்ளேயே சுற்றி வந்தது. வெள்ளைக்காரர்கள் கென்யாவுக்கு வீட்டுப்பன்றியைக் கொண்டுபோனபோதுதான் வெளியே வந்தது. பன்றிகள் மொத்தமாகச் செத்தன. மாண்ட்கோமெரி என்ற கால்நடை மருத்துவர் 1921-இல் அதை விவரித்து எழுதினார். உண்ணிக்கு இதில் பங்கு இருப்பது 1960-களில்தான் தெரிந்தது. அதுவும் ஆப்பிரிக்காவில் இல்லை, ஸ்பெயினில்.

நோய் 1957-இல் போர்ச்சுகலுக்கு வந்தது, 1960-இல் மறுபடி வந்து ஸ்பெயினுக்கும் பரவியது. அங்கே பழைய கல் தொழுவங்களில் ஆர்னிதோடோரஸ் எர்ராட்டிகஸ் என்ற உள்ளூர் உண்ணி ஏற்கெனவே இருந்தது. வைரஸ் அதற்குள் குடியேறிவிட்டது. பன்றிகளை எல்லாம் அழித்து, தொழுவத்தைக் காலியாகப் போட்டு, பிறகு புதுப் பன்றி விட்டால் நோய் திரும்ப வந்தது. சான்செஸ் போத்திகா என்ற ஸ்பானிய ஆய்வாளர் 1963-இல் அந்த உண்ணிக்குள் வைரஸ் இருப்பதைக் காட்டினார். ஒழிக்கவே முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. போர்ச்சுகலில் ஒழிந்துவிட்டது என்று அறிவித்த பிறகும், 1999-இல் தெற்கே அலென்தேஜோவில் ஒரு பண்ணையில் தலைகாட்டியது. நோய் வந்து போன பண்ணைகளில் பிடித்த உண்ணிகளில் 5 வருடம் கழித்தும் உயிருள்ள வைரஸ் கிடைத்திருக்கிறது.

கரிசல்காடு, நீங்கள் கொட்டாயைக் காலியாகப் போடலாமா என்று கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்தத் தொழுவங்கள்தான்.

இனி உங்கள் கேள்வி, பன்றிப்பண்ணை. இந்தியாவுக்கு 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேசம் வழியாக வந்த பரவலில் மென் உண்ணி தேவைப்படவில்லை. நோய்ப்பன்றி, அதன் இறைச்சி, ஓட்டல் கழிவு, வண்டிச் சக்கரம், செருப்பு, இவை போதும். பக்கத்துக் கோழிக் கொட்டாயை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஓட்டல் மிச்சத்தை வேகவைக்காமல் போடுவதை முதலில் நிறுத்துங்கள். வெளி ஆட்களையும் கறி வியாபாரிகளையும் பட்டிக்குள் விடாதீர்கள்.

பன்றிப்பண்ணை:

ரொம்ப நன்றி சார். ஓட்டல் மிச்சம்தான் பாதித் தீவனம் எங்களுக்கு. கொப்பரை போட்டு வேகவைக்க ஏற்பாடு செய்கிறேன்.

நுவரெலியாவிலிருந்து:

இங்கே இலங்கையில் நுவரெலியாப் பந்தயக் குதிரைகளின் காதுக்குள் ஒரு உண்ணி இருக்கிறது. ஓட்டோபியஸ் மெக்னினி என்று பேராதனைப் பல்கலைக்கழக ஆட்கள் வந்து பார்த்துச் சொன்னவை. அதுவும் மென் உண்ணி இனம்தான் என்று கேள்விப்பட்டேன். நான் முன்பு லாயத்தில் வேலை செய்தவன். குதிரை தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், காதைத் தொட விடாது. உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தால் மெழுகோடு மெழுகாகச் சாம்பல் நிறத்தில் முள் முள்ளாக இருக்கும். லாயத்தில் வேலை செய்த ஆட்களின் காதுக்குள்ளும் ஏறியதுண்டு, வலி தாங்க ஏலாது.

ஆனால் நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாக இது மாதக்கணக்கில் காதுக்குள்ளேயே இருக்கிறதே, அது எப்படி?

எட்டுக்கால்:

அருமையான கேள்வி. மென் உண்ணிகளில் இது தனி வழிக்காரன். இளம்பருவங்கள் மட்டும் காதுக்குள் இருந்து குடிக்கும். வளர்ந்த உண்ணி குடிக்கவே குடிக்காது, அதன் வாய் அதற்கு ஏற்றதாகவே இல்லை. காதிலிருந்து விழுந்து லாயத்துச் சுவர் வெடிப்பில், தீவனத் தொட்டி இடுக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். அமெரிக்கக் கண்டத்து உயிர். கால்நடை, குதிரை ஏற்றுமதியோடு உலகம் சுற்றி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்துவிட்டது. ஆக, குதிரையின் காதுக்கு மருந்து போட்டால் பாதி வேலைதான். மீதி லாயத்துச் சுவரில் இருக்கிறது.

மேலத்தெரு அம்மா:

நான் கேட்பது எங்கள் பிள்ளைகளைப் பற்றி. எங்கள் வீட்டிலும் கோழிக் கொட்டாய் சுவரோடு ஒட்டித்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் பிள்ளைகள் திண்ணையில்தான் படுக்கிறார்கள். காலையில் தடிப்புத் தடிப்பாக இருக்கிறது. உண்ணிக் காய்ச்சல் என்று பேப்பரில் போடுகிறார்களே, அது இதிலிருந்து வருமா?

கால்நடை மருத்துவன்:

வராது அம்மா. பேப்பரில் வரும் உண்ணிக் காய்ச்சல் புதர்களில் இருக்கும் மிகச்சிறிய ஒரு சிற்றுண்ணியின் இளம்பருவம் கடித்து வருவது. கிருமியும் வேறு. கோழிக்கு வரும் பொரேலியா ஆன்செரினா மனிதரைத் தாக்காது. கோழி உண்ணி மனிதரையும் கடிக்கும், அரிக்கும், தடிக்கும், சொறிந்தால் புண்ணாகும். பிள்ளைகளின் படுக்கையைக் கொட்டாய்ச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். தடிப்போடு காய்ச்சல் வந்தால் மட்டும், எங்கே படுத்தார்கள் என்பதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

எட்டுக்கால்:

அம்மா, டாக்டர் சொன்னது நம் ஊர்க் கோழி உண்ணிக்கு முற்றிலும் சரி. உலகத்தில் வேறு இடங்களில் மென் உண்ணி மனிதருக்குக் கொண்டுவரும் காய்ச்சலும் உண்டு, மீள் காய்ச்சல் என்பார்கள். மூன்று நாள் காய்ச்சல் அடித்து, விட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரும். கிருமி தன் மேற்பரப்புப் புரதத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஜோசப் டட்டன், லிவர்பூலிலிருந்து காங்கோவுக்குப் போனவர். அவரும் டாட் என்ற அவருடைய துணை ஆய்வாளரும் இதே காய்ச்சலில் விழுந்தார்கள். டாட் பிழைத்தார், டட்டன் 1905 பிப்ரவரியில் கசோங்கோ என்ற ஊரில் இறந்தார். கிருமிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள், பொரேலியா டட்டோனி. அதே 1905-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் ராபர்ட் கோஹ் அந்தக் கிருமி உண்ணியின் முட்டைக்குள்ளும் இருப்பதைப் பார்த்தார். டான்சானியாவில் மண்தரை வீடுகளில் இன்றைக்கும் இந்த நோய் இருக்கிறது, கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் மிகவும் ஆபத்தானது. கடி வலிக்காது, ராத்திரியில் நடக்கும், உண்ணி காலையில் சுவருக்குள் போய்விடும். அதனால் நோயாளியைக் கேட்டால் 'எதுவும் கடிக்கவில்லை' என்றுதான் சொல்வார்.

ஏழை நாட்டு நோய் என்றும் நினைக்க வேண்டாம். 1973-இல் அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் வடக்கு விளிம்பில் மரக் குடில்களில் தங்கியவர்கள், வேலை பார்த்தவர்கள் என்று 62 பேருக்கு வந்தது. கூரையிலும் சுவரிலும் அணில், எலி வகைகள் கூடு கட்டியிருந்தன, உண்ணி அந்தக் கூட்டில் இருந்தது. கூட்டைக் கலைத்து அணிலை மட்டும் விரட்டினால் பசித்த உண்ணி கீழே படுத்திருக்கும் ஆளைத் தேடி வரும்.

கரிசல்காடு:

நேற்று காலையில் இன்னொரு வெடைக்கோழி படுத்தது. கூடையில் வைத்து உடனே கொண்டுபோய்விட்டேன், பாட்டில் உண்ணியையும் எடுத்துப் போனேன். ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசிச் சாயம் போட்டார்கள். எனக்கும் நுண்ணோக்கியில் காட்டினார்கள். ரத்த அணுக்களுக்கு நடுவே ஊதா நிறத்தில் நெளிநெளியாக மயிரிழைகள். ஸ்பைரோகீட்டோசிஸ்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். முன்தினம் செத்த ஒன்றையும் கொண்டுபோயிருந்தேன், அறுத்துப் பார்த்ததில் மண்ணீரல் பல மடங்கு வீங்கி மேலெல்லாம் வெளிர்ப்புள்ளியாக இருந்தது.

பென்சிலின் ஊசி போட்டார்கள். இன்று காலையில் எழுந்து தண்ணீர் குடிக்கிறது. கம்புத் தானியம் ஒன்றிரண்டு பொறுக்குகிறது.

இனிக் கொட்டாயை என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்காரர் மண்ணெண்ணெயைச் சுவரில் அடித்துக் கொளுத்திவிடச் சொல்கிறார்.

பஞ்சாரம்:

ஓலைக் கூரையை வைத்துக்கொண்டு தீயோடு விளையாடாதீர்கள் தம்பி, வீடு பக்கத்திலேயே இருக்கிறது. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் ஓலையைப் பிரித்துத் தூரக் காட்டில் போட்டுக் கொளுத்தினோம். கருவேலங் கம்பு, கயிறு, பழைய சாக்கு, அடை வைத்த கூடை எல்லாம் அதோடு போயிற்று. சுவரின் வெடிப்பைக் கொத்திப் பெரிதாக்கி, உள்ளே மருந்து அடித்து, இரண்டு நாள் கழித்துச் சிமெண்டுப் பால் ஊற்றிப் பூசினோம். மேலே சுண்ணாம்பு. கம்புக்குப் பதில் இரும்புக் குழாய், சுவரைத் தொடாமல் நாலு கால் வைத்து நடுவில் நிறுத்தினோம். ஒவ்வொரு காலுக்கும் அடியில் கழிவு எண்ணெய் ஊற்றிய தகர டப்பா. உண்ணி சுவரில் மிச்சம் இருந்தாலும் கோழியிடம் ஏறிப் போக வழி இல்லை. இந்தக் கடைசி ஏற்பாடுதான் எங்களைக் காப்பாற்றியது.

வேப்பங்காடு:

நான் தடவுவதைப் பற்றி எழுதியதற்கு டாக்டர் சொன்ன பதில் நியாயம்தான். ஆனால் மண்சுவர்க் கொட்டாய் வெயிலுக்கு எவ்வளவு குளிர்ச்சி என்று யோசியுங்கள். சித்திரையில் தகரக் கொட்டாயில் கோழி சுருண்டு விழும். எல்லோராலும் சிமெண்டு பூச முடியுமா? வேப்பெண்ணெய்க் கரைசலைச் சுவரில் அடிக்கலாமே.

கால்நடை மருத்துவன்:

மண்சுவரை இடிக்க வேண்டாம், வெடிப்பு இல்லாமல் வைத்துக்கொண்டால் போதும். சாணி மெழுகுவதும் சுண்ணாம்பு அடிப்பதும் அதற்கு உதவும், அடிக்கடி செய்ய வேண்டும். வேப்பெண்ணெய்க் கரைசல் விரட்ட உதவலாம், ஆழத்தில் இருப்பதை அதை மட்டும் நம்பி ஒழிக்க முடியாது.

மருந்து என்று பார்த்தால் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகைகள்தான் வழக்கம். அளவை உங்கள் கால்நடை மருத்துவர் எழுதித் தரட்டும், கடைக்காரர் சொல்லும் அளவு வேண்டாம். கோழி, முட்டை, தண்ணீர்ப் பாத்திரம், தீவனம் எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகு வெடிப்புக்குள் இறங்குகிற மாதிரி அடிக்க வேண்டும். மேலோட்டமாக அடித்தால் மருந்துதான் வீண். ஒரு தடவையோடு நிறுத்திவிடாதீர்கள். முட்டையில் இருப்பவை பிறகுதான் வரும், திரும்ப அடிக்க வேண்டும். வேப்ப மரத்தடிக்குக் கோழியை மாற்றுவதானால் அதற்கு முன் ஒவ்வொன்றின் இறக்கைக்கு அடியிலும் இளம்பருவம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து மருந்து போடுங்கள். இல்லையென்றால் உண்ணியையும் சேர்த்துத்தான் குடிமாற்றுகிறீர்கள். மரப்பட்டைக்குள்ளும் அது நன்றாக வாழும்.

ஐவர்மெக்டின் ஊசி பற்றி யாராவது கேட்பார்கள். முட்டையிலும் கறியிலும் மருந்து தங்கும், மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள்.

கரிசல்காடு:

ஞாயிற்றுக்கிழமை ஓலையைப் பிரிக்கிறோம். குழாய்க்கும் எண்ணெய் டப்பாவுக்கும் சொல்லிவிட்டேன். ஊசி போட்ட கோழி மற்றவற்றோடு சேர்ந்து மேய்கிறது.

கடைசியாக ஒரு கேள்வி. பழைய கம்பும் அடைக்கூடையும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. மச்சான் ஒருத்தர் புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்குகிறார், கேட்கிறார். வெந்நீரில் போட்டு எடுத்துக் கொடுக்கலாமா?

பஞ்சாரம்:

கொடுக்காதீர்கள். கூடையின் பின்னலுக்குள் எந்த வெந்நீரும் முழுதாக இறங்காது. கொளுத்திவிட்டு, மச்சானுக்குப் புதுக்கூடை ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவர் கோழியும் உங்களிடமிருந்துதான் வாங்குவார் என்றால் இன்னும் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கோழியையும் பகல் வெளிச்சத்தில் இறக்கையைத் தூக்கிப் பார்த்துக் கொடுங்கள்.

கரிசல்காடு:

சரி அண்ணா. அப்படியே செய்கிறேன்.